ஓசியில் போகாத மருதையன்

பெரம்பலூர்ப் பக்கம் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். மக்காச்சோளம் காயப்போட்டது போக மிச்சமிருக்கும் மைதானத்தில், ஞாயிறு தவறாமல் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன் மருதையன்.

வெல்டிங் பட்டறைக்காரன். வயது முப்பத்துமூன்று. அவன் அடித்த பந்து சோளக் குவியலுக்குள் போய் விழுந்தால் தேடி எடுக்க இரண்டு பேர் வேண்டும். அப்பேர்ப்பட்ட அடி. ஆனால் அது எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் மூன்று வீச்சும் காற்றில் போய், மட்டையை இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டை பிடிக்கிற இடம்தான் ஹோம்; அங்கிருந்து மூன்று பேஸையும் சுற்றித் திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். மூன்று தடவை மட்டையை வீசித் தவறவிட்டால் அவுட். கண்டபடி வருகிற கெட்ட பந்து நான்கை அடிக்காமல் விட்டுவிட்டால் அவுட்டும் இல்லை, ஓடவும் வேண்டாம். முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அந்த வருஷம் முழுக்க மருதையன் அப்படி நடந்து போனது ஒரே ஒரு தடவை. அதுவும் கண்ணில் தூசி விழுந்து மட்டையைத் தூக்க முடியாமல் நின்றதால்.

நடந்து போவதற்கு அந்த அணியில் 'ஓசி' என்று பெயர். எல்லாரும் ரப்பர் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். ஆறு ஓவர் மேட்சில் ஒரு பந்தை அடிக்காமல் விட்டால் சொந்த மச்சானே திட்டுவான். அந்தப் புத்தி இங்கேயும் கூடவே வந்துவிட்டது. யாராவது நடந்து போனால், ஓசி பஸ் கிளம்பிருச்சு டோய் என்று பெஞ்சில் இருப்பவர்கள் கத்துவார்கள். முதன்முதலில் அப்படிக் கத்தியவன் மருதையன்தான்.

அவர்களுக்குப் பயிற்சியாளர் தமயந்தி. மருதையனைவிட இரண்டு வயது சின்னவர். ஒரு காலத்தில் மாநில சாஃப்ட்பால் அணிக்குப் பந்து வீசியவர்; முழங்கால் போனபிறகு இந்தப் பன்னிரண்டு பேரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். அவன் அவரை மேடம் என்பான். அவர் அவனை அண்ணே என்பார். ஆனால் மைதானத்துக்குள் அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த வருஷம் மண்டல இறுதி ஆட்டம் வந்தது. கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. இரண்டு பக்கமும் ஓட்டம் சமம். மூன்று பேஸிலும் நம் ஆட்கள் நின்றார்கள். அந்த நேரத்தில் மட்டையோடு உள்ளே போனவன் மருதையன்.

இரண்டு பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டான். மூன்று பந்து மட்டைக்கே எட்டாத தூரத்தில் போனது. எட்டியிருந்தால் அதற்கும் மட்டையை வீசியிருப்பான். இன்னும் ஒரு கெட்ட பந்து வந்தால் போதும். அவன் முதல் பேஸுக்கு நடப்பான். அவனுக்கு இடம் விட்டு எல்லாரும் ஒரு பேஸ் முன்னால் போக, மூன்றாவது பேஸில் நிற்கிற ஆள் ஹோமுக்கு வந்துவிடுவார். அந்த ஒரு ஓட்டம் போதும், கோப்பை கைக்கு வந்த மாதிரி.

வந்தது கெட்ட பந்துதான். தலைக்கு மேலே போனது. மருதையன் எகிறி மட்டையை வீசினான். காற்றுதான் அகப்பட்டது.

ஓட்டம் சமமாகவே நின்றதால் கூடுதலாக ஒரு இன்னிங்ஸ் வைத்தார்கள். அதில் தோற்றார்கள். வேனில் திரும்பும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இரண்டாவதாக வந்த அணிக்கும் மாநிலப் போட்டியில் இடம் உண்டு. அதற்கு இன்னும் பத்து நாள்தான். சங்கச் செயலாளர் போன் பண்ணி, மருதையனைத் தூக்கிவிடுங்கள் என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று தமயந்தி வைத்துவிட்டார். இந்தச் செய்தி மருதையன் காதுக்கு வராமலா இருக்கும்? இந்த வயதில் வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. இரும்பு கேட்டும் கிரில்லும் பற்றவைக்கிற நேரம் போக, எட்டு வருஷமாக அவனுக்கு என்று இருந்தது இந்த ஒன்றுதான்.

ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் வந்து தமயந்தி எதிரில் நின்றான்.

"மேடம், கெட்ட பந்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுங்க. கத்துக்கிட்டா இருக்கேன். இல்லாட்டி நானே போயிடறேன்."

தமயந்தி மற்றவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு அம்பயர் போடும் முகமூடியை எடுத்து அவனிடம் கொடுத்து, பந்து பிடிக்கும் அப்துல் கனிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் வீசுகிறேன், ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்று சொல்லுங்கள் என்றார். நாற்பது பந்து வீசினார். நூலிழையில் தப்பிய பந்தும் அதில் இருந்தது. மருதையன் நாற்பதையும் சரியாகச் சொன்னான். பாதிக்கு மேல் பந்து கனி கைக்குப் போகுமுன்பே சொன்னான்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு," என்றார் தமயந்தி.

முகமூடியை வாங்கிக்கொண்டு மட்டையைக் கொடுத்தார். முதல் பந்தைக் காதுக்கு மேலே வீசினார். மருதையன் மட்டையைச் சுழற்றினான். காற்று.

"கெட்ட பந்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"உங்க கையை விட்டு வந்ததுமே."

"அப்புறம் ஏண்ணே?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"சும்மா நின்னு வாங்கிக்கிறது எனக்கு ஆகாது மேடம்."

பிறகு அவனாகவே மிச்சத்தையும் சொன்னான். அப்பா போனபிறகு மூன்று வருஷம் மாமா வீட்டில் இருந்தானாம். மாமா நல்ல மனுஷர்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவரிடம், இவன் சும்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்கான் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சொன்னவர் அப்போதே மறந்திருப்பார். இவன் மனசில் அன்றைக்கு விழுந்த வார்த்தை இன்னும் அகலவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு அண்டாவைத் தூக்கி வைக்காமல் பந்தியில் உட்காரமாட்டான்.

தமயந்தி மட்டையை வாங்கிக்கொண்டு, மூன்றாவது பேஸில் போய் நில்லுங்கள் என்றார். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் வேறு இரண்டு பேரை நிறுத்தினார். கனியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி மட்டையை அவன் கையில் கொடுத்தார். இறுதி ஆட்டம் மாதிரியே வைத்துக்கொள்வோம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஓட்டம் சமம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மூன்றாவது பேஸில் மருதையன் நின்றதே அபூர்வம். அவன் ஒன்று முழுச் சுற்றும் ஓடி வருவான், இல்லையென்றால் பெஞ்சுக்குப் போவான். அங்கே நின்று பார்த்தபோது ஹோம் ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தது. முப்பது நாற்பது தப்படிதான். ஆனால் தானாகப் போக வழியில்லை. கனி என்ன செய்கிறானோ அதுதான். வெறும் பயிற்சி என்பதே அவனுக்கு மறந்துபோனது.

கனி இரண்டு பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டான். மூன்று கெட்ட பந்தை விட்டான். ஆறாவது பந்து தமயந்தியின் கையை விட்டதுமே மருதையனுக்குத் தெரிந்துவிட்டது, தலைக்கு மேலே போகிற பந்து. சந்தோஷத்தில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டான்.

கனி எகிறி மட்டையை வீசினான். காற்று.

"விட்டிருக்கலாம்ல கனி," என்று மருதையன் போட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. "நான் ஒருத்தன் இங்க நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கனி மட்டையைத் தாழ்த்திக்கொண்டான். மேடம்தான் அப்படி அடிக்கச் சொன்னார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மருதையனுக்கு முகம் சுண்டிப்போனது. தன் சத்தம் தன் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு மெதுவாக நடந்து தமயந்தியிடம் வந்தான்.

"நான் டீம்ல இருக்கேனா மேடம்?"

தமயந்தி பந்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"என்கிட்ட கேக்காதீங்கண்ணே. அன்னைக்கு ஃபைனல்ல மூணாவது பேஸ்ல நின்ன ஆள்கிட்ட கேளுங்க."

மருதையன் திரும்பினான். பதினோரு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறுதி ஆட்டத்தில் பந்து வீசியவனின் கை அவனுக்கு ஞாபகம் இருந்தது. பந்து வந்த வழி ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அன்று மூன்றாவது பேஸில் நின்றது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.