அரண்மனைப் பைக்குக் கொசுறு இல்லை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பொழுது விடிந்தால் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிடும், அது யார் தலையிலாவது வந்து விழும். பெரும்பாலும் அது விகடகவி திருமேனியின் தலையாக இருக்கும்.

திருமேனிக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஆளைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்குவது என்ன பாடு என்பது அவருக்கும் அவருடைய முழங்காலுக்கும்தான் தெரியும். இன்றைக்காவது சும்மா விட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் அரண்மனைப் படி ஏறுவார்.

அன்று சும்மா விடவில்லை. முந்தின நாள் அரசரின் பல்லக்கு சந்தை வழியாகப் போயிருக்கிறது. ஒரு பெண் கத்தரிக்காய் வாங்கினாள். காய்க்காரி காயை நிறுத்துப் போட்டுவிட்டு, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் போட்டாள். அதற்குக் காசு வாங்கவில்லை. அரசர் பல்லக்கை நிறுத்தி இது என்ன என்று விசாரித்தார். கொசுறு என்றார்கள். அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஊரே சும்மா வாங்கும் கறிவேப்பிலைக்கு நாம் மட்டும் காசு கொடுத்திருக்கிறோம். அதுவும் வருஷக்கணக்காகக் கொடுத்திருக்கிறோம்," என்று அரசர் சபையில் குமுறினார். "இனி இந்த அரண்மனையில் சிக்கனம்தான். வருகிற எம் பிறந்தநாள் விருந்துக்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எதற்கும் ஒரு காசும் தரலாகாது. எல்லாம் கொசுறாகவே வர வேண்டும்."

கருவூலத் தலைவர் அம்பலவாணருக்கு இது பிடிக்கவில்லை. அரண்மனைக்குக் கீரையும் தழையும் விற்பது அவருடைய மச்சினன். ஆனால் அவர் மூளை சும்மா இருக்கிற மூளை இல்லை. திருமேனி மேல் அவருக்கு நெடுநாள் பொருமல். திருமேனி தும்மினால்கூட அரசர் சிரிக்கிறார், தாம் சொல்லும் எதற்கும் அரசர் கொட்டாவிதான் விடுகிறார் என்பது அவருடைய மனக்குறை. கொசுறுத் திட்டமும் தோற்க வேண்டும், திருமேனியும் தொலைய வேண்டும், இரண்டு காரியத்தையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று எழுந்து நின்றார்.

"அரசே, கொசுறு வாங்குவதில் விகடகவியாரின் மனைவி உலகம்மாளை மிஞ்ச ஆளில்லை என்று கேள்வி. பொறுப்பை விகடகவியாரிடமே விடலாம். விருந்தில் குறை வந்தால், அவருக்குக் கொடுத்திருக்கும் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு சிக்கனம்தானே."

அரசர் தலையாட்டிவிட்டார். அரசர் தலையாட்டினால் ஆட்டியதுதான்.

திருமேனி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் உலகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். முந்நூறு பேர் விருந்துக்குக் கொசுறு வாங்கியவர் இந்தப் பூமியில் யாரும் கிடையாது என்றாள்.

"கொசுறு எடையைப் பாத்துப் போடுறது இல்லீங்க. பையைப் பாத்துப் போடுறது. நாலு காய் வாங்குனாலும் ஒரு கொத்துதான், வண்டி நெறைய வாங்குனாலும் ஒரு கொத்துதான்."

மறுநாள் சந்தையிலிருந்து இன்னும் வாடிய முகத்தோடு வந்தாள். அம்பலவாணர் விடியற்காலையிலேயே கடை கடையாகப் போயிருக்கிறார். யானை முத்திரை போட்ட அரண்மனைப் பையில் யாராவது கொசுறு போட்டால் அவர்கள் கடை இருக்காது என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். காய்க்காரி வெள்ளச்சிதான் இதை அவள் காதில் போட்டாள். இந்த வயசில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது என்று உலகம்மாள் அழுதாள். திருமேனிக்கும் பயமாகத்தான் இருந்தது. இதை அரசரிடம் சொன்னால் அம்பலவாணர் இல்லவே இல்லை என்று சாதிப்பார். கடைசியில் காய்க்காரிகளின் பிழைப்புதான் போகும். அவர் அன்று முழுக்க முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் சபையில் கைகூப்பி நின்றார்.

"அரசே, ஒரு பைக்கு ஒரு கொத்து என்பது சந்தை வழக்கம். முந்நூறு கொத்து வேண்டுமென்றால் முந்நூறு பை வேண்டும், அதைப் பிடிக்க முந்நூறு பேர் வேண்டும். ஆகவே விருந்து உண்பவர் அத்தனை பேரும் ஆளுக்கொரு அரண்மனைப் பையோடு சந்தைக்கு வர வேண்டும். சபை வழக்கப்படி முதல் பை தங்களுடையது. இரண்டாம் பை கருவூலத் தலைவருடையது."

அரசர் காய் வாங்கப் போவதாவது என்று அம்பலவாணர் பதறினார். அரசருக்கோ அந்த யோசனை பிடித்துப்போயிற்று. சிக்கனத்தில் என்ன வெட்கம் என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

பிறந்தநாள் காலையில் சந்தை மூச்சுத் திணறியது. சேனாபதி, புரோகிதர், வைத்தியர், தோட்டக்காரன் வரை எல்லாரும் பையோடு வரிசையில் நின்றார்கள். முதலில் அரசர். கிரீடம் இல்லை, சாதாரண வேட்டி. பல்லக்குத் திரைக்குள்ளேயே போய்வருகிற முகம் வெள்ளச்சிக்கு எப்படித் தெரியும்? அவர் நாலு கத்தரிக்காய் பொறுக்கி, காசு கொடுத்து, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் விழவில்லை.

"கொசுறு?" என்றார் அரசர்.

"யானை முத்திரைப் பைக்குக் கொசுறு கெடையாதுங்க," என்றாள் வெள்ளச்சி. அப்போதுதான் பின்னால் நிற்கும் அம்பலவாணரைப் பார்த்தாள். அவசரமாகக் கும்பிட்டாள். "ஐயா, நீங்க சொல்லிட்டுப் போனபடிதான் நடந்துக்கிறேன். என் கடைய மட்டும் எடுத்துராதீங்க."

அரசர் மெல்லத் திரும்பினார். அம்பலவாணர் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசர் அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அப்படியானால் அரண்மனை கறிவேப்பிலைக்கு என்னதான் செய்யும் என்று வெள்ளச்சியையே கேட்டார். முந்நூறு பேர் கடையை அடைத்து நின்றதில் அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"அம்மாம் பெரிய தோட்டத்துல ஒரு கன்னு வைக்க எடமா இல்ல? எங்க குடிசைக்குப் பின்னால ரெண்டு மரம் நிக்குது. இந்தக் கொத்தெல்லாம் அதுல ஒடிச்சதுதான்."

வரிசையின் கடைசியிலிருந்து தோட்டக்காரன் குரல் கொடுத்தான். அரண்மனையிலும் ஒரு மரம் இருந்ததாம். வேர் மதிலை இடிக்கும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டச் சொன்னவர் கருவூலத் தலைவராம். அந்த வாரமே அவர் மச்சினன் தழை விற்க வந்துவிட்டானாம். வரிசையில் நின்ற மச்சினன் பையைக் கீழே போட்டுவிட்டு நழுவினான்.

அரசர் கையிலிருந்த வெறும் பையைப் பார்த்தார், நாலு கத்தரிக்காயைப் பார்த்தார், சந்தை நீளத்துக்கு நின்ற தம் சபையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்து முடித்தார். வெள்ளச்சியின் தழை அவ்வளவையும் நல்ல விலை கொடுத்து வாங்கச் சொன்னார். அரண்மனைத் தோட்டத்தில் பத்துக் கறிவேப்பிலைக் கன்று நட்டு, அவை தம் உயரம் வளரும்வரை அம்பலவாணரே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார்.

திருமேனி ஓர் ஓரமாகக் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரசர் அவரிடம் வந்தார்.

"விகடகவியாரே, அந்த வீடு இனி உமக்கே சொந்தம். பட்டயம் எழுதித் தருகிறோம். அதற்கு மேல் கொசுறாக என்ன வேண்டும், கேளும்."

"கொசுறைக் கேட்டு வாங்கினால் மரியாதை இல்லை, அரசே. தருகிறவர் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத் தாமாகப் போட வேண்டும்."

அரசர் அப்போதுதான், முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு மாதம் சபைக்கு வர வேண்டாம், சம்பளம் வீடு தேடி வரும் என்றார்.

வீட்டுக்குப் போய் உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிய திருமேனி, அந்த ஒரு மாதத்தைச் சொல்லுமுன்பே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.