மூன்றாம் நாடகத்தில் வராத அண்ணன்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் பொன்னுரங்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

அதைச் சொல்லத்தான் வாத்தியாரிடம் போனேன். எங்கள் குடியிருப்பு நாடகக் குழுவுக்கு அவர்தான் வாத்தியார். என்னைவிட ஆறு வயது சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

அந்த வருஷத்து ஐந்து நாடகங்களும் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துவைத்துக் காய்ந்த திரையை மன்றத்தில் தனியாக மடித்துக்கொண்டிருந்தார்.

"பொன்னுரங்கம் எனக்கு ஒரு வசனம் பாக்கி வெச்சிருக்கான்" என்றேன்.

"அந்த முனையைப் பிடிங்க அண்ணே" என்றார்.

பிடித்தேன்.

"போன மாசம் அவனுக்கு வாதம் அடிச்சிடுச்சு. பேச்சு இல்ல. இனிமே அதை யாரு எனக்குச் சொல்றது?"

"எந்த வசனம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க வாத்தியாரே."

"நான் மறந்துட்டேன். நீங்கதான் எதையும் மறக்கிற ஆளு இல்லையே. சொல்லுங்க."

சொன்னேன்.

மூன்றாவது நாடகத்தில் நான் அண்ணன். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய், இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிற அண்ணன். எனக்கு அந்த ஒரு காட்சிதான். பொன்னுரங்கம் தம்பி. கடைசியில் அவன், "வாசலில் யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறதே" என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு எடுப்பு. அது காதில் விழுந்ததும் நான் டிரங்குப் பெட்டியோடு உள்ளே வர வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாடக நோட்டை என் மனைவி சுலோச்சனாதான் வாசிப்பாள். அடுப்படியில் இருந்தபடி அவள் எடுப்பைச் சொல்வாள். நான் வாசல் பக்கமிருந்து வருவேன். நாற்பது நாள் வந்தேன்.

நாடகத்தன்று பொன்னுரங்கம் அதைச் சொல்லவில்லை.

ஒரு பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டான். தம்பி தனியாக உட்கார்ந்து அழுதான். திரை விழுந்தது. நான் தட்டிக்குப் பின்னால் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். "கடைசி வரைக்கும் அந்த அண்ணன்காரன் வரவே இல்லியே, பாவி" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பொன்னுரங்கத்துக்கு மாலை போட்டார்கள்.

வாத்தியார் திரையை ஒரு மடிப்பு மடித்தார். நான் இரண்டு அடி முன்னால் வர வேண்டியிருந்தது.

"நீங்க ஏன் உள்ளே வரலை?"

"எடுப்பு வராம காலை வெக்காதீங்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"அது மேடையில நிக்கிறவங்களுக்குச் சொன்னது."

"நான் எங்கே நின்னேன்?"

"தட்டிக்குப் பின்னால."

எனக்குக் கோபம் வந்தது. கையில் துணி இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நாலாவது நாடகத்துக்கு ஏன் வரலை?" என்றார்.

"அவன் வந்து மன்னிப்பு கேக்கட்டும்னு இருந்தேன்."

"அஞ்சாவதுக்கு?"

"அதுக்கும் அதேதான்."

"அஞ்சாவதுல உங்களுக்கு ராஜா வேஷம் வெச்சிருந்தேன்."

இது எனக்குத் தெரியாது. என் ஆயுசில் நான் வாயிற்காப்போன் போட்டிருக்கிறேன், வண்டிக்காரன் போட்டிருக்கிறேன். ராஜா போட்டதில்லை.

"யாரு போட்டாங்க?"

"யாரும் போடல. நாற்காலியில கிரீடத்தை மட்டும் வெச்சு நடத்தினோம்."

இன்னொரு மடிப்பு. இன்னும் ஒரு அடி.

"பொன்னுரங்கம் உங்களைத் தேடி வரவே இல்லியா அண்ணே?"

"வந்தான். அஞ்சாவது நாடகம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை காலையில."

"வந்து?"

"வெளியில நின்னான். கூப்பிடவும் இல்ல, கதவைத் தட்டவும் இல்ல. நான் உள்ளே சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். அரை முகம் முடிஞ்சு, மறுபாதியும் முடியிற வரைக்கும் நின்னான். அப்புறம் போயிட்டான்."

"கூப்பிடலேன்னா, அவன் நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுலோச்சனா சொன்னா."

"என்னன்னு?"

"வந்திருக்கான்னு."

"அப்படியா சொன்னாங்க? அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க. வசனம் சொல்ற மாதிரி."

நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் அடுப்படியில் இருந்துதான் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நோட்டில் இருந்தபடி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

"வாசலில் யாரோ நிற்கிறார்கள்..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

திரை மடிந்து முடிந்திருந்தது. என் கை வாத்தியார் கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் என் முனையை வாங்கிக்கொண்டார்.

பிறகு மூலைக்குப் போனார். பழைய கிரீடத்தையும் கத்தியையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார். தூசி தட்டினார். கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"காலிப் பெட்டிதானே" என்றேன்.

"அன்னிக்கும் காலிதான்" என்றார்.

பொன்னுரங்கம் வீடு நாலு வரிசை தள்ளி. கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றேன். அவனுக்குப் படுக்கையை நடையிலேயே போட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நல்ல பக்கத்தை வைத்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

நான் காலை வைக்கவில்லை. காத்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து முதல் எழுத்து மட்டும் வந்தது.

"வா" என்றான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மீதி வசனம் எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.