வளைந்த இரண்டு பின்கள்

கோவில்பட்டியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்த நஸ்ரீனுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் படிக்க வந்த தங்கமாரியப்பனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். பிக்சர் ட்யூப் டிவிகள் ஒழிந்ததும் அவர் பிழைப்பும் படுத்துவிட்டது.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே குறைதான். கார்டு செருகும் ஸ்லாட் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் கம்பெனிக்காரன் அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிடுகிறான். அகலமானது போய் ஒல்லியானது வந்தது. அதுவும் போயிற்று.

"மாறவே மாறாத ஸ்லாட் எது டீச்சர்? அதை மட்டும் சொல்லிக்குடுங்க. இல்லைன்னா மருமகன் சொன்ன வாட்ச்மேன் வேலைக்கே போயிருதேன்."

நஸ்ரீன், எம்பிராய்டரி கடை செல்வராணியின் பழைய லேப்டாப்பை அவர் முன் நகர்த்தினாள். பவர் கோளாறு. பூ டிசைனை அதிலிருந்து ஒரு கார்டில் ஏற்றித்தான் தையல் மெஷினில் போட வேண்டும். அந்தக் கார்டுக்கான அகல ஸ்லாட் செல்வராணியிடம் இந்த ஒன்றில்தான் இருந்தது. மறுநாள் காலை கல்யாண ரவிக்கைகளைக் கொடுத்தாக வேண்டும்.

மதியத்துக்குள் பவரைச் சரிசெய்துவிட்டார். கார்டைச் செருகிப் பார்த்தார். பாதியில் நின்றது. ஏறாத பிளக்கை ஒரு தட்டு தட்டுவது டிவிக்காரர் பழக்கம். தட்டினார். உள்ளே வரிசையாக நின்ற கம்பிப் பின்களில் இரண்டு வளைந்து படுத்துக்கொண்டன.

மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நான் கிளம்புதேன் டீச்சர்" என்றார்.

நஸ்ரீன் டார்ச் அடித்துப் பார்த்தாள். இந்த ஸ்லாட் புழக்கத்தில் இருந்தபோது தான் பள்ளிக்கூடத்தில் இருந்ததாகவும், இதை நிமிர்த்தத் தனக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, பிக்சர் ட்யூபின் கழுத்தில் பின் வளைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் மெடிக்கலுக்குப் போய் ஓர் இன்ஜெக்‌ஷன் ஊசி வாங்கிவந்தார். முனையை மழுங்கத் தேய்த்தார். அதன் துளைக்குள் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்தபடி மெல்ல நிமிர்த்தினார். இரண்டாவது பின் நிமிர நாலு மணி ஆகிவிட்டது.

கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வாங்கிப்போக வந்த செல்வராணி லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். தங்கமாரியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு டீ வாங்கிவந்தார். குடித்து முடித்தும் கையில் இருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எந்த டப்பாவுல போட டீச்சர்? இந்த ஸ்லாட்டுதான் ஒழிஞ்சுபோச்சே."

"உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும் அண்ணாச்சி. நாளைக்கு என்ன ஸ்லாட் வரும்னு எனக்கே தெரியாது."