பின்பக்கத்து ஷாக் அப்சார்பர்

"அம்மா, என் மனசு நிக்க மாட்டேங்குது. அமுக்கினா எகிறுது. எகிறினா அடங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுத் தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். குருவின் பதில் கண் மூடியிருந்தால்தான் உள்ளே இறங்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பதில் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். குருவும் இல்லை.

வெளியே, மடத்தின் பழைய வெள்ளைக் காருடைய பின்மூலையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார் குரு எழிலம்மை.

குருவுக்குத் தணிகாசலத்தின் மகள் வயசுதான் இருக்கும். தணிகாசலம் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குலுங்குகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். வீட்டில்தான் நிற்க முடியவில்லை.

வீட்டில் மனைவி, மாமியார், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள். மாப்பிள்ளை கப்பலில். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பால் வாங்கப் போகிற மாதிரி கிளம்பினவர் நேரே மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார். மஞ்சள் பையில் பால் பாத்திரம் இல்லை. காவி வேட்டி இருந்தது.

நாளைக்குப் பௌர்ணமி. குரு சரி என்றால் கட்டிக்கொள்ளலாம். அப்புறம் வீடு கிடையாது.

"இங்க வாங்கய்யா. பாருங்க."

குரு அமுக்கிக் கையை எடுத்தார். கார் எகிறியது. இறங்கியது. மறுபடி எகிறியது. லொடக், லொடக் என்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "புரிஞ்சுதும்மா. அதுதான் என் மனசு."

"இல்லய்யா. இது ஷாக் அப்சார்பர். போயிடுச்சு."

*

ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார்கள். சக்கரம் இரண்டும் காற்றில் தொங்கின.

குரு கீழே படுத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளியே ஒரே எண்ணெய்."

தணிகாசலம் யோசித்தார். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வழிகிறது. வெளியே இருக்க வேண்டிய நான் மடத்துக்கு உள்ளே. அப்படியானால் எண்ணெய் யார்?

"உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகினாத்தான் ஞானமாம்மா?"

"ஒழுகினா சீல் கிழிஞ்சதுன்னு அர்த்தம். ஸ்பானரைக் குடுங்க."

கொடுத்தார்.

"இது பதினாலு. பதினேழைக் குடுங்க."

பதினேழில் என்ன சூட்சுமம் என்று தணிகாசலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

இரண்டு பக்கத்துப் பழசும் கழன்று வந்தன. ஒன்று மட்டும்தான் ஒழுகியிருந்தது.

"நல்லா இருக்கறதை எதுக்கும்மா கழட்டினீங்க?"

"ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி கோணும்."

தணிகாசலம் வெலவெலத்துப் போனார். "அப்ப என் சம்சாரத்தையும் காவி கட்டச் சொல்றீங்களா? அவ ஒத்துக்க மாட்டாம்மா!"

 குரு தும்மினார்.

தணிகாசலம் தும்மலுக்கும் அர்த்தம் தேடினார்.

*

சட்டைப் பையில் போன் அடித்தது. பதற்றத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, மனைவி செண்பகத்தின் குரல் மடம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க! எங்கதான் இருக்கீங்க? மலருக்கு வலி எப்ப வேணா வரலாம்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. எங்கம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுது. பால் வாங்கப் போன ஆளு மாட்டையே ஓட்டிட்டு வர்றீங்களா? ஹலோ? பேச மாட்டீங்களா? மூச்சு விடுற சத்தம் கேக்குது. இருக்கீங்கன்னு தெரியுது!"

தணிகாசலம் மூச்சை அடக்கினார். அவருடைய மொத்தப் பயிற்சியிலும் அதுதான் நீண்ட பிராணாயாமம்.

போன் அடங்கியது.

 குரு, ஒழுகின பழைய ஷாக் அப்சார்பரைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"அமுக்குங்க."

வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி இறங்கியது. இழுத்தால் அதே மாதிரி வந்தது.

புதுசைக் கொடுத்தார். "நிமித்திப் பிடிச்சு அமுக்குங்க. இழுங்க. நாலஞ்சு தடவை. மாட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற காத்து போகணும்."

புதுசு முரண்டு பிடித்தது. அமுக்கினாலும் மெதுவாக. இழுத்தாலும் மெதுவாக. தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது.

"எது நல்லதுங்கய்யா?"

"பழசுதாம்மா. சாது. சொன்னபடி கேக்குது."

"அதனாலதான் தூக்கிப் போடறோம்."

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். தலையெல்லாம் எண்ணெய்.

*

இரண்டாம் பக்கத்தை மாட்டும் வேலையைக் குரு அவரிடமே விட்டார்.

தணிகாசலம் காருக்கடியில் படுத்தார். மேல் நட்டைப் போட்டார். கீழே வளையத்தில் இருந்த ரப்பர் புஷ்ஷுக்குள் போல்ட்டை நுழைத்தார். பல்லைக் கடித்து, முருகா முருகா என்று, ஸ்பானர் இனி நகராது என்கிற வரைக்கும் இறுக்கினார்.

"ஆச்சும்மா! இனிமே இது கழண்டா என் பேரு தணிகாசலம் இல்ல."

குரு குனிந்து பார்த்தார். ஸ்பானரை வாங்கினார். தணிகாசலம் இறுக்கிய கீழ் போல்ட்டை அப்படியே தளர்த்தினார்.

தணிகாசலத்துக்கு அழுகையே வந்தது. "என்னம்மா பண்றீங்க? அவ்வளவு கஷ்டப்பட்டு இறுக்கினேனே!"

"சக்கரம் தொங்குது."

"தொங்கினா என்னம்மா? சும்மா இருக்கும்போது இறுக்கறதுதானே சுலபம்?"

"சுலபம்தான். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். எடை இறங்கினதும் முறுக்கிக்கும். நாலு மேடு பள்ளத்துல கிழியும்."

 குரு ஸ்டாண்டை எடுத்தார். ஜாக்கியை இறக்கினார்.

"ஹோல்டான்!" என்றார் தணிகாசலம், கண்டக்டர் பழக்கத்தில்.

கார் புஸ்ஸென்று தரையில் உட்கார்ந்தது. அதன் முழு எடையும் சக்கரத்துக்கு வந்தது.

"இப்ப இறுக்குங்க."

இடம் குறுகல். முதுகு தேய்ந்தது. மூக்கில் மண். மேலே மொத்தக் காரும் நிற்க, அடியில் கிடந்து இறுக்கினார். போல்ட் பிடித்தது.

எழுந்து வந்து பின்மூலையை அமுக்கிக் கையை எடுத்தார். கார் எழுந்தது. நின்றது.

"நின்னுடுச்சும்மா!"

"ம்."

தணிகாசலம் கையைக் கழுவினார். மஞ்சள் பையைத் திறந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத காவி வேட்டியை எடுத்துக் குருவின் முன்னால் நீட்டினார்.

"இன்னிக்கு எனக்கு எதுவுமே புரியலம்மா. எது பாடம், எது ரிப்பேர்னுகூடத் தெரியல. ஆனா மனசுல முடிவு பண்ணிட்டேன். இறுக்கமா இருக்கேன். நாளைக்குக் கட்டிக்கலாமா?"

குரு வேட்டியைத் தொடவில்லை.

"சக்கரம் தரையில இருக்கா?"

தணிகாசலம் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார்.

"இருக்கும்மா. நாலும் இருக்கு."

"நான் காரைக் கேக்கலை."

போன் அடித்தது.

தணிகாசலம் அதைப் பார்த்தார். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார்.

"ஹலோ," என்றார். "இருக்கேன், செண்பகம். சொல்லு."