உயிரோடிருந்த அரசருக்கு எள்ளும் தண்ணீரும்

முன்னொரு காலத்திலே, கடல் இப்போதைவிட ஊருக்கு இன்னும் கிட்டத்தில் கிடந்தபோது, ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது கண்ணுகளா. அதன் கரையில் ஒரு மேடை, மேடையில் ஒரு கல். புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்றப் படகேறிப் போய்த் திரும்பாத பதினொரு மீனவருக்காக நட்ட கல் அது. உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தக் கல்தான் உடல்.

அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை. கப்பலில் வருகிறவர்கள் முதலில் தம் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். இரண்டு கையையும் விரித்து வரவேற்கிற மாதிரி மூன்று ஆள் உயரத்துக்குச் சிலையும் செய்தாயிற்று.

"அந்த மேடைதான் தக்க இடம், அரசே. நாளை ஆடி அமாவாசை, ஊரே கூடும். சிலையைத் திறந்ததும் கல்லைக் கடலில் தள்ளிவிடலாம்," என்றார் பிரதானி வல்லபர். "விகடகவி சாத்தப்பனே முன்னின்று நடத்தட்டும்."

மறுத்தால் ராஜத்துரோகம், செய்தால் ஊர் காறித் துப்பும். சாத்தப்பனைக் கண்டாலே ஆகாத வல்லபர் விரித்த வலை அது.

"கேள், சாத்தப்பா," என்றார் அரசர். "அந்தக் கல்லுக்கு மக்கள் என்னென்ன செய்கிறார்களோ, அத்தனையும் என் சிலைக்கு நடக்க வேண்டும். குறைந்தால் உன் தலை இருக்காது."

"ஒன்றுகூடக் குறையக் கூடாதா, அரசே?"

"ஒன்றுகூட!"

சாத்தப்பன் கரைக்குப் போனான். உமையாத்தா என்ற மீனவக் கிழவி கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எம்புருசனும் மகனும் இதுலதான் இருக்காக. என்னையும் சேத்துத் தள்ளச் சொல்லு ஒங்க ராசாவ!"

"எந்திரிக்க வேணாம் ஆத்தா. நாளைக்குக் கல்லுக்குச் செய்யறதையெல்லாம் சிலைக்கும் செய்யணும். அரச கட்டளை."

அவள் அவனையே பார்த்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அட, பாவிப்பய மகனே!" என்று சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை கல்லுக்குப் பக்கத்தில் சிலையை ஏற்றித் திரையை விலக்கினார்கள். உடனே நாற்பது பெண்கள் தலையை விரித்துப் போட்டுச் சிலையைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள்.

"முத்துமுடி வச்ச மகராசா - ஒங்கள
உப்புத்தண்ணி கொண்டுபோச்சே மகராசா!"

உமையாத்தா தட்டோடு இளவரசரிடம் போனாள். "தலைப்புள்ள நீங்கதானேய்யா? எள்ளு வாங்குங்க. அப்பாரு பேரச் சொல்லித் தண்ணி விடணும்."

இளவரசர் கொஞ்சம் அவசரமாகவே கையை நீட்டிவிட்டார்.

"நிறுத்துங்கள்! நான் உயிரோடு இருக்கிறேன்!" என்று கத்தினார் அரசர்.

"துரோகம்! இவன் தலையை வாங்குங்கள், அரசே!" என்றார் வல்லபர்.

சாத்தப்பன் குனியவில்லை. "அரசே, கல்லுக்கு நடப்பது இதுதான். தங்கள் பெயரைச் சொல்லிக் காக்கைக்குச் சோறு வைப்பது இன்னும் பாக்கி. அதை விட்டால் ஒன்று குறையும். இந்த மேடை, பிறருக்காகக் கடலில் இறங்கித் திரும்பாதவர்களுக்கு உரியது. இதில் நிற்கத் தங்களுக்கு விருப்பமென்றால், அதோ, படகு தயாராக இருக்கிறது."

அரசர் படகைப் பார்த்தார். அலையைப் பார்த்தார். பிறகு மகனுடைய கையைப் பார்த்தார்.

"அடே, எள்ளைக் கீழே போடு!" என்றவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். "கல் இங்கேயே இருக்கும். வல்லபரே, சிலையை நீரே இறக்கும். ஆனால், இதை எங்கே வைப்பது?"

"வலை காயப்போடுற எடத்துல நிறுத்துங்க சாமி," என்றாள் உமையாத்தா. "ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறீக!"

அரசர் மறுபடியும் சிரித்தார். மீனவர்கள் சிலைமேல் காயப்போட வலையை எடுக்கப் போனார்கள். நீங்கள் சாப்பிடப் போங்கள், தங்கங்களா.