சோற்றில் ஒரு குழி

“எல்லாருக்கும் புரியுது. ஆனா ஒரு தடவை வந்தவங்க மறுபடி வரமாட்டேங்காங்க. அது ஏன்?”

கேட்டவர் ஆவுடையப்பன். கல்லூரியில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கேட்ட இடம் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. அவர் குருவாகத் தேடி வந்தது உலகம்மாளை. அவரைவிட இருபது வயது இளையவள்.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

உலகம்மாள் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

கல்யாணச் சமையலும் பந்தி நடத்துவதும் அவள் தொழில். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் அவள் அறிவியல் பேசுவாள். மாவு ஏன் புளிக்கிறது, வெங்காயம் ஏன் அழ வைக்கிறது, பால் ஏன் பொங்குகிறது. உட்கார இடமில்லாமல் ஜனம் படிக்கட்டு வரை நெருக்கியடிக்கும்.

இக்கரையில், ரயில்வே கேட் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில், ஆவுடையப்பனும் பேசிப் பார்த்தார். முதல் ஞாயிறு நாற்பது பேர். அடுத்த ஞாயிறு பதினெட்டு. அதற்கடுத்து ஏழு. போன ஞாயிறு நாலு பேர். அந்த நாலில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

“வர்ற ஞாயிறுதான் கடைசி. அதுக்கும் ஆள் சேரலைன்னா கூடத்தைக் கேரம் ஆடுறவங்களுக்குக் கொடுத்துருவாங்களாம். போர்டுகூட வாங்கிட்டாங்க” என்றார்.

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கேரம் போர்டிடம் தோற்க அவருக்கு மனமில்லை.

உலகம்மாள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“எல்லாருக்கும் புரியுதுன்னு எப்படிக் கண்டீய அண்ணாச்சி?”

“கேட்டேனே.”

“என்னன்னு கேட்டீய?”

“புரிஞ்சுதான்னு.”

“என்ன சொன்னாங்க?”

“புரிஞ்சுது சார்னு சொன்னாங்க. அதுலயும் ஆட்டோ ஓட்டுற மந்திரம்னு ஒருத்தர், ஒரு ஞாயிறு விடாம முன்வரிசைல வந்து உக்காருவார். ‘சூப்பராப் புரிஞ்சுது சார்’ம்பார். அது என்னமோ என் ராசி. முப்பத்தோரு வருஷத்துல என் வகுப்புல ஒரு ஆள் புரியலைன்னு சொன்னதில்லை.”

பெருமையாகத்தான் சொன்னார்.

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத் துடைத்தாளா, சிரிப்பைத் துடைத்தாளா என்பது அவருக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு இங்க மறுவீட்டுச் சொதி. காலைல வந்துருங்க. வேட்டியை மடிச்சுக் கட்டத் தெரியும்லா?”

“நான் நிலாவைப் பத்திப் பேசணும்மா. அதுக்குத் தயார் பண்ணணும்.”

“சொதிக்கும் தயார் பண்ணணும் அண்ணாச்சி.”



சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் காய்ச்சும் குழம்பு. நெல்லைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து அதைப் போடுவார்கள். கல்யாணச் சாப்பாட்டில் குறை என்றால் மன்னித்துவிடுவார்கள். சொதியில் குறை என்றால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

உலகம்மாள் ஆவுடையப்பன் கையில் வாளியையும் கரண்டியையும் கொடுத்தாள்.

“முதல் பந்தி. சொதி உங்க பொறுப்பு.”

“எப்படிப் பரிமாறணும்?”

“உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி.”

முதல் சுற்றில் எல்லா இலையிலும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார். இரண்டாம் சுற்று வந்தார். படித்த மனிதர், பண்பாக ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டார்.

“சொதி வேணுமா?”

“போதும்.”

“உங்களுக்குச் சொதி வேணுங்களா?”

“இருக்கட்டும் சார்.”

“சொதி?”

“வேண்டாம், வேண்டாம்.”

முக்கால் வாளிச் சொதியோடு சமையல்கட்டுக்குத் திரும்பினார்.

“எல்லாருக்கும் போதுமாம். வயிறு நிறைஞ்சுட்டு” என்றார்.

உலகம்மாள் வாளியைப் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்து அதை மூடினாள்.

சற்று நேரத்தில் பெண்ணின் அப்பா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“யம்மா உலகு, குடி கெட்டுது. மாப்பிள்ளையோட பெரியப்பா கையைக் கழுவிட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு. சொதியைக் கண்ணுல காட்டிட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஆள் ஆளாக் கூப்பிட்டுச் சொல்லுதாரு.”

ஆவுடையப்பனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“நானே அவர்கிட்ட கேட்டேன் சார். போதும்னு அவர் வாயாலதான் சொன்னார்.”

பெண்ணின் அப்பா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணும்னு வாயாலயா சொல்லுவாங்க?”

உலகம்மாள் குறுக்கே வந்தாள்.

“பெரியப்பாவை ரெண்டாம் பந்தில உக்கார வைங்க. சொதி பதமா இருக்கான்னு பெரியவங்க நீங்கதான் பாத்துச் சொல்லணும்னு கூப்பிடுங்க. வருவாரு.”

பிறகு அதே வாளியை நிரப்பி அதே கையில் கொடுத்தாள்.

“இந்தத் தடவை வாயைத் திறக்காதீய அண்ணாச்சி. இலையைப் பாருங்க.”



பெரியப்பா வந்தார். வேண்டா வெறுப்பாக வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் அவர் இலை முன்னால் போய் நின்றார். எதுவும் கேட்கவில்லை.

“போதும், போதும். அப்பவே சாப்பிட்டாச்சு. வேண்டாம்” என்றார் பெரியப்பா.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை சோற்றை நடுவில் விலக்கி ஒரு குழி பறித்தது.

ஆவுடையப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

வாய் வேண்டாம் என்கிறது. கை குழி பறிக்கிறது.

ஊற்றினார். குழி நிறைந்தது.

“அடடா, போதும்னேனே” என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொரு குழி பறித்தார். அது முதல் குழியைவிடப் பெரியது.

ஆவுடையப்பன் அடுத்த இலையைப் பார்த்தார். அதற்கடுத்த இலையைப் பார்த்தார். பந்தி முழுக்கக் குழிகள். அவற்றின் மேல் ஒரே குரலில் போதும், போதும் என்று சத்தம்.

மூன்று முறை வாளியை நிரப்ப வேண்டியிருந்தது. அதுவும் தீர்ந்து திரும்பியபோது அவர் வேட்டி முழுக்கச் சொதி. முகம் முழுக்கச் சிரிப்பு. வாளியை இறக்கி வைத்துவிட்டு உலகம்மாளைப் பார்த்தார்.

“முப்பத்தோரு வருஷம்” என்றார். காலி வாளியைச் சுட்டிக் காட்டினார்.

“வாளியைக் கழுவி வைங்க” என்றாள் உலகம்மாள்.



ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கூடத்தில் ஆறு பேர்.

பின்சுவர் ஓரமாகக் கேரம் போர்டும் வந்துவிட்டது. காலனிச் சங்கச் செயலாளரும் இன்னும் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“சும்மா போர்டு மட்டம் பாக்கோம். நீங்க பேசுங்க சார்” என்றார் செயலாளர்.

மட்டம் பார்க்கிறவர்கள் காய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பன் பேசினார்.

“நிலா பூமியைச் சுத்துது. அதே சமயம் தன்னைத் தானேயும் சுத்துது. ரெண்டுக்கும் ஒரே கால அளவுதான் ஆகுது. அதனாலதான் இங்கயிருந்து பாக்கும்போது நிலாவோட ஒரே முகம்தான் எப்பவும் தெரியுது.”

பழக்கதோஷம். “புரி” என்பது வரை வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டார்.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கேள்வி வராததால் என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

முன்வரிசையில் மந்திரம் வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். நாலு ஞாயிறாகப் பேசியும் இதுவரை பார்க்காத முகம்.

தலை ஆடுகிறது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஒரு குழி.

ஆவுடையப்பன் மேடையிலிருந்து இறங்கினார். இலை முன்னால் நின்றதுபோல மந்திரத்தின் முன்னால் போய் நின்றார். எதுவும் கேட்கவில்லை.

மந்திரம் பிடரியைச் சொறிந்தார்.

“சார்.”

“சொல்லுங்க.”

“தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“மாட்டேன்.”

“எனக்குப் புரியலை சார்.”

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை.

மந்திரம் பதறிப்போனார். “இல்ல சார், புரிஞ்சுட்டு, புரிஞ்சுட்டு.”

“ஐயோ, சொன்னதை வாபஸ் வாங்கிராதீங்க. எது புரியலை?”

மந்திரம் இடம் வலம் பார்த்தார். பிறகு துணிந்துவிட்டார்.

“நிலா தன்னைத் தானே சுத்துதுங்கீய. நான் ஆட்டோவைத் திருப்புனா அதோட பின்பக்கம் தெரியுதுலா? நிலா முதுகைக் காட்டவே காட்டாதுங்கீய. அப்போ அது சுத்தலை சார். நீங்கதான் எங்களைச் சுத்தல்ல விடுதீய.”

பக்கத்தில் இருந்த தையல் கடை அம்மா மெல்லச் சொன்னாள். “எனக்கும் அதே சந்தேகம்தான். சொன்னா சார் மனசு கஷ்டப்படும்னு சொல்லலை.”

பின்னால் கேரம் சத்தம் நின்றது.

“சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்வே” என்றார் செயலாளர்.

“எப்படிச் சரி? நீர் சொல்லும் பாப்போம்” என்றார் மந்திரம்.

செயலாளர் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். “எனக்கும் தெரியலை” என்றார்.

ஆவுடையப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவே போட்டார். செயலாளரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

“நீங்க பூமி, தலையைத் திருப்பி நிலாவையே பாத்துக்கிட்டு இருங்க. மந்திரம், நீங்க நிலா. இவரைப் பாத்த முகம் பாத்தபடி, முதுகைக் காட்டாம ஒரு சுத்து வாங்க. இவருக்குப் பின்னால என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க.”

மந்திரம் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தார்.

“வாசல் தெரியுது. இப்போ கேரம் போர்டு. இப்போ ஜன்னல். இப்போ மேடை.” ஒரு சுற்று முடிந்தது. “மறுபடி வாசல்.”

“எத்தனை பக்கத்தைப் பாத்தீங்க?”

“நாலு பக்கமும் பாத்துட்டேன்.”

“நின்ன இடத்துல நின்னுக்கிட்டு நாலு பக்கமும் பாக்கணும்னா என்ன செய்யணும்?”

“ஒரு சுத்து சுத்தணும்.”

சொன்ன வாய் மூடவில்லை. மந்திரம் தன் காலைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார்.

“என் முதுகை நீர் பாத்தீரா?”

“பாக்கலையே.”

“ஆனா நான் சுத்தியிருக்கேன்வே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூடம் ஆவுடையப்பன் கையில் இல்லை.

எல்லாருக்கும் நிலாவாக வேண்டியிருந்தது. கேரம் ஆடியவர்கள் மூன்று பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். வாசலில் சத்தம் கேட்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். செயலாளர் மட்டும் பூமியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

தையல் கடை அம்மா இரண்டு முறை நிலாவாகிவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

“அப்போ அந்த முதுகுப் பக்கத்துல வெயிலே அடிக்காதா சார்?”

“பூமியும் சுத்துதே” என்றார் செயலாளர். “அப்போ நான் நாற்காலியோட சுத்தணுமா?”

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றார் மந்திரம். “ரெண்டு சுத்தும் சொல்லிவச்ச மாதிரி எப்படி ஒரே கணக்கா வருது? அது எனக்குச் சுத்தமாப் புரியலை.”

புரியலை என்பதை அவர் இப்போது கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னார்.

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தைப் பூட்டும் நேரம் தாண்டிவிட்டது.

“சாவி என்கிட்டதான இருக்கு. நீங்க சொல்லுங்க” என்ற செயலாளர், பின்னால் திரும்பி, “அந்தப் போர்டை அங்கிட்டு ஓரமாச் சாச்சு வைங்கவே, நிலா சுத்துறதுக்கு இடம் பத்தலை” என்றார்.



மறுநாள் காலை ஆவுடையப்பன் சமையல்கட்டுக்குள் ஓடிவந்தார். அன்றைக்கு இன்னொரு வீட்டு மறுவீட்டுச் சொதி. உலகம்மாள் சுண்டிய பாலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருக்கும் புரியலை” என்றார். பேத்தி பிறந்த சேதி சொல்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“ஒருத்தருக்குமா?”

“ஒருத்தருக்கும். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் புரியலை. சாப்பிடப் போகச் சொன்னாக்கூடப் போகமாட்டேன்னுட்டாங்க.”

“வர்ற ஞாயிறு?”

“ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாராங்களாம். மந்திரம் ஆட்டோ பின்னால எழுதியே ஒட்டிட்டார். நிலா சுத்துதா, ஞாயிறு பத்து மணி, ரயில்வே கேட்டுனு.”

உலகம்மாள் சிரித்தாள். இந்த முறை முந்தானையை எடுக்கவில்லை.

ஓர் இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். சோறு வைத்து ஒரு கரண்டிச் சொதி ஊற்றினாள். ஆவுடையப்பன் உட்கார்ந்து சாப்பிட்டார். காலையிலேயே அவருக்கு நல்ல பசி.

உலகம்மாள் வாளியோடு பக்கத்தில் நின்றாள்.

“எல்லாம் புரிஞ்சுதா அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சோற்றை நடுவில் விலக்கி ஒரு குழி பறித்தார்.