பாலில் குளித்த செருப்பு

முன்னொரு காலத்தில், அரசர் சொன்னதை யாரும் திருப்பிக் கேட்காத ஒரு நாட்டில், மன்னருக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு வந்து சேர்ந்தது. செய்தவன் சடையன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவனை அரண்மனைக்கு அழைத்து வந்தவன் சபையின் விகடகவி பிச்சாண்டி.

மன்னர் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு அழகான செருப்பில் கால் வைப்பது பாவம். பிரதானியாரே, இது என்றைக்கும் புதிதாகவே இருக்க வேண்டும். பொறுப்பு உம்முடையது."

செருப்பில் கால் வைப்பது பாவம் என்றால் வேறு எதை வைப்பது என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் குடும்பம் இருந்தது.

தலைமை அமைச்சரான பிரதானி வேதமூர்த்தியாருக்குத் தோலைப் பராமரிக்கத் தெரியாது. மரியாதை செய்யத் தெரியும். தினமும் காலையில் செருப்புக்குப் பாலாபிஷேகம் செய்வித்தார். சந்தனம் பூசுவித்தார். ஈரத்தோடு பட்டில் சுற்றி வெள்ளிப் பேழையில் வைத்து மூடுவித்தார். இப்படி ஒரு மண்டலம் நடந்தது. ஐப்பசி மழை வேறு.

மண்டலம் முடிந்த அன்று சடையனையும் வரவழைத்துச் சபையில் பேழையைத் திறந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் மூன்றாம் வரிசைக்குப் போனார்கள். செருப்பு முழுக்கப் பச்சைப் பூசணம். ஓரங்கள் அப்பளம்போல வளைந்திருந்தன.

"அரசே, அரைகுறையாகப் பதப்படுத்திய தோலைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான்" என்றார் பிரதானி. "இவனைக் கூட்டி வந்தவர் யார் என்பதையும் சபை மறக்கக் கூடாது." அவர் பிச்சாண்டியைப் பார்த்தார். அவனை மாட்டிவிடப் பதினைந்து வருடமாகக் காத்திருந்த பார்வை அது.

"சடையனின் வலது கட்டைவிரலை வெட்டுங்கள். பொழுது சாய்வதற்குள்!" என்றார் மன்னர்.

"சாமி, கட்டவெரல் போனா ஊசியே புடிக்க முடியாது சாமி. அதுக்குக் கழுத்தையே எடுத்துருங்க" என்று சடையன் தரையில் விழுந்தான்.

பிச்சாண்டி மெதுவாக எழுந்தான். அந்த மாதத்தில் அவன் காப்பாற்ற வேண்டியிருந்த மூன்றாவது கட்டைவிரல் இது. முழங்கால் வலித்தது. தானாகவே ஒரு நாள் நியாயம் நடந்தால் என்ன என்று தோன்றியது. நடக்கவில்லை.

"பிரதானியாரே, பாலும் சந்தனமும் தோலைக் கெடுக்குமா?"

"என்ன அபசாரம்! அவை புனிதமான பொருள்கள். எதையும் கெடுக்கா."

"பேழையில் மூடி வைத்தது?"

"உயர்ந்த பாதுகாப்பு."

"அரசே, அப்படியானால் குறை செருப்பைச் செய்தவன் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது முறை. செருப்பு சடையன் செய்த தோல். பிரதானியார் மேல் இருப்பது கடவுள் செய்த தோல். குறை சொல்ல வழியில்லை. அரண்மனையில் நெல் கொட்டி வைக்கும் பெரிய பத்தாயம் ஒன்று காலியாக இருக்கிறது. அதே பால், அதே சந்தனம், அதே பட்டு, அதே ஒரு மண்டலம். பிரதானியார் உள்ளே இருந்து பூசணமில்லாமல் வெளியே வந்தால் சடையன் விரலோடு என் விரலையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

மன்னருக்குப் பொழுது போகாத நாள். "நடக்கட்டும்" என்றார்.

முதல் குடம் பாலில் பிரதானியின் மீசை தொங்கியது. சந்தனம் பூசி முடிப்பதற்குள் ஈக்கள் விசாரிக்க வந்துவிட்டன. பட்டில் சுற்றிப் பத்தாயத்தில் இறக்கி மூடப் போனதுதான் தாமதம், பிரதானி அலறினார்.

"ஐயோ, மூடாதீர்கள்! ஒரே ஈரம்! நாற்றம்! காற்று வேண்டும்!"

"செருப்புக்கு வாய் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருக்கும், அரசே" என்றான் பிச்சாண்டி.

"என்மேல்தான் பிழை!" என்று பத்தாயத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "தோல் நல்ல தோல்தான்! தூக்கிவிடுங்கள்!"

மன்னர் சிரிக்க ஆரம்பித்தார். சபையும் சிரித்தது, சட்டப்படி மன்னருக்குப் பிறகுதான்.

"சடையா, எழுந்திரு. இதை எப்படித்தான் வைத்துக்கொள்வது?"

"நனைஞ்சா துணியால தொடச்சு நெழல்ல காய வெக்கணும் சாமி. அடுப்பாண்ட வெச்சா வெடிச்சிரும். காஞ்சதும் ரெண்டு சொட்டு வெளக்கெண்ண தேய்ங்க. அப்பறம் போட்டுக்கிட்டு நடங்க. நடக்காத செருப்புதான் சாமி சீக்கிரம் சாவும்."

மன்னருக்கு வெட்கமாகிவிட்டது. தம் விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றி, சற்று முன் வெட்டச் சொன்ன அதே கட்டைவிரலில் மாட்டப் போனார். சடையன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. மோதரம் போட்டா நூலு சிக்கும். வேல கெடும். புதுசா ஒரு ஜோடி தெச்சுத் தரேன், அத மட்டும் போட்டு நடந்துருங்க."

மோதிரம் அந்தரத்தில் நின்றது. கொடுத்ததைத் திரும்ப மாட்டிக்கொள்வது அரச மரபில் இல்லை. மன்னர் விழித்தார்.

பிச்சாண்டி பெருமூச்சு விட்டபடி தன் கையை நீட்டினான்.

"வேலை செய்யாத கை ஒன்று இங்கே இருக்கிறது, அரசே."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்து, மோதிரத்தை அதில் மாட்டிவிட்டார்.